பழைய கரிஸ்மாவும் கொல்லிமலை இறக்கமும்: பிரேக், ஹேண்ட்லிங் வேலை முழுப் பதிவு

கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பலகையில் எண் இருக்கும், 70-இல் ஆரம்பித்து ஒன்று வரை குறைந்துகொண்டே வரும். போன ஆடியில் வல்வில் ஓரி விழா பார்த்துவிட்டு இறங்கினோம். நல்ல கூட்டம், எனக்கு முன்னால் ஒரு பஸ், அதை முந்த வழியில்லாமல் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வந்தேன். 24-ஆவது வளைவுக்கு முன்னால் பிடித்தபோது லீவர் கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது, வண்டி நிற்கவில்லை. கியரைக் குறைத்து, பின் பிரேக்கை மிதித்து, லீவரை நாலைந்து தடவை படபடவென்று அடித்து, ஒருவழியாகச் சுவரை ஒட்டி நிறுத்தினேன். பின்னால் இருந்த மச்சான், "என்ன மாப்ள, நிக்காம போற?" என்றார். "பிரேக் வரல மச்சான், இறங்குங்க" என்றேன். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். டிஸ்க் ஆறியதும் லீவர் பாதி கெட்டியாகத் திரும்பி வந்தது. மீதி வளைவுகளை முதல் கியரிலேயே காரவள்ளி வரை இறக்கினேன்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்த வண்டியை முழுசாகப் பிரித்துப் பார்க்காமல் இனி மலை ஏறுவதில்லை என்று.

வண்டி 2006 ஹீரோ ஹோண்டா கரிஸ்மா, 223 சிசி, மீட்டரில் 74,000 கிலோமீட்டர். 2003-இல் இந்த மாடல் வந்தபோது நம் ஊரில் ஸ்போர்ட்ஸ் பைக் என்று சொல்ல இருந்தவற்றில் இதுதான் பெரிசு. முன்னால் 276 மில்லிமீட்டர் டிஸ்க், அந்தக் காலத்துக்கு அது பெரிய தட்டு. பின்னால் 130 மில்லி டிரம். 18 அங்குலச் சக்கரம், முன்னால் 2.75 டயர், பின்னால் 100/90. இன்றைக்கு 150 சிசி வண்டிகளே 17 அங்குலத்தில் 140/60 பின் டயர் போட்டு வருகின்றன, அதோடு பார்த்தால் இது மெலிந்த காலோடு நிற்கிற குதிரை மாதிரி இருக்கும். ஆனால் புதிதாக இருந்தபோது இதன் நிதானம் எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வளைவில் ஒரு முறை சாய்த்துவிட்டால் தண்டவாளத்தில் போவது போல் போகும்.

தெரிந்தவர்கள் சொன்ன யோசனை எல்லாம் பெரிசு பெரிசாக இருந்தது. வேறு வண்டியின் தலைகீழ் ஃபோர்க்கை மாட்டு, பின்னால் அகல ரிம் போடு, டபுள் டிஸ்க் வை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஃபோர்க் மாறினால் நீளம் மாறும், அதைப் பிடிக்கிற தட்டின் ஆஃப்செட் மாறும், ஹேண்டில் கனமும் வளைவில் வண்டி திரும்புகிற விதமும் எப்படி வரும் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு வேறு இருக்கிறது. எல்லாவற்றையும் விட, 74,000 கிலோமீட்டரில் இந்த வண்டி எதையெல்லாம் இழந்திருக்கிறது என்று பார்க்காமல் புதிதாக எதைச் சேர்த்தாலும் கோளாறுக்கு மேல் சாமான் ஏற்றுவதாகத்தான் இருக்கும். அதனால் கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்கு முதலில் கொண்டுபோவது, அப்புறம் போதவில்லை என்றால் மேலே யோசிப்பது என்று வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் சாயங்காலம் எதையும் கழற்றாமல் பரிசோதனை மட்டும் செய்தேன். மெயின் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினுக்கு அடியில் கட்டையும் ஜாக்கியும் கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை இரண்டு விரலால் மெதுவாக இடமிருந்து வலமாகத் திருப்பினேன். நடுவில் வந்ததும் "டக்" என்று ஒரு பள்ளத்தில் விழுந்து உட்கார்ந்தது. ஹேண்டில் திரும்புகிற பேரிங், அதாவது கோன்செட் போயிருக்கிறது. இரண்டு ஃபோர்க் காலையும் அடியில் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் தெரிந்தது. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் சக்கரத்தோடு அதைத் தாங்குகிற ஸ்விங்ஆர்மும் சேர்ந்து ஆடியது. பின் டயரின் பக்கத்தில் 1814 என்று நாலு இலக்கம், அதாவது 2014-ஆம் வருஷம் 18-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் இன்னும் பாதி இருந்தது, அதனால்தான் இத்தனை நாள் மாற்றத் தோன்றவில்லை. ரப்பரில் நகத்தை அழுத்தினால் தடமே விழவில்லை, கட்டை.

முன் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டேன். முக்கால் சுற்றில் நின்றுவிட்டது. பிரேக்கைப் பிடிக்கவே இல்லை, பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது. மலையில் நடந்தது என்ன என்று அந்த இடத்திலேயே பாதி புரிந்துவிட்டது.

மீதிப் பாதி, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரைக் கழற்றியதும் தெரிந்தது. இந்தக் காலிப்பர் இரண்டு சிலைடு பின் மேல் பக்கவாட்டில் நகரும் வகை. பிஸ்டன் இரண்டும் ஒரே பக்கம்தான், அவை உள் பேடைத் தள்ளும், காலிப்பர் உடம்பு சிலைடு பின் மேல் நகர்ந்து வெளி பேடை இழுத்துக்கொண்டு வரும். சிலைடு பின் இரண்டில் ஒன்று நகரவே இல்லை. இழுத்து உருவியபோது அதில் இருந்த கிரீஸ் காய்ந்து கருப்பு மெழுகாகி, மேலே இருக்கிற ரப்பர் பூட் கிழிந்து தண்ணீர் இறங்கி, பின்னின் நடுவில் துரு பிடித்திருந்தது. முன்பு சர்வீஸ் செய்த ஒரு பட்டறையில் சாதாரண சேசிஸ் கிரீஸைப் போட்டிருக்கிறார்கள். அது ரப்பரை ஊதவைக்கும், சூட்டில் உருகி ஓடி மிச்சம் பிசினாகும். இந்த இடத்துக்குச் சிலிகான் கிரீஸ்தான் வேண்டும்.

பிஸ்டனை வெளியே எடுக்க ஒரே சுலபமான வழி, ஹோஸைக் கழற்றுவதற்கு முன்னால் லீவரை அடித்து அடித்து பிரேக் ஆயிலின் அழுத்தத்திலேயே வெளியே தள்ள வைப்பதுதான். ஒரு பிஸ்டன் வந்தது, இன்னொன்று பாதியில் நின்றுவிட்டது. வந்ததை மரத்துண்டு வைத்துத் தடுத்துக்கொண்டு மறுபடி அடித்ததும் அதுவும் நகர்ந்தது. கம்ப்ரசர் காற்று வைத்து எடுப்பதைப் பலரும் செய்வார்கள், பிஸ்டன் துப்பாக்கிக் குண்டு போல வரும், விரல் நடுவில் இருந்தால் போச்சு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சீல்களை மூங்கில் குச்சியால் எடுத்தேன், இரும்பு ஊசி பட்டால் சிலிண்டர் சுவரில் கீறல் விழும். அசல் சங்கதி சீலுக்குப் பின்னால் இருந்தது. சீல் உட்காருகிற பள்ளத்தில் வெள்ளையாக, உப்புப் பூத்த மாதிரி ஒரு அடுக்கு. அலுமினியம் அரித்து வருகிற பொடி அது. அந்த அடுக்கு சீலை உள்ளிருந்து வெளியே தள்ளும், சீல் பிஸ்டனை இறுக்கிப் பிடிக்கும். சதுரச் சீல் பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் வளைந்து, விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க வேண்டும், லீவரை விட்டதும் பேட் விலகுவது இந்த ஒரு சின்ன வேலையால்தான். பள்ளத்தில் பொடி அடைத்துவிட்டால் அது நடக்காது. சைக்கிள் ஸ்போக் ஒன்றின் நுனியைத் தட்டி வளைத்து, தட்டையாக ராவி, ஒரு மணி நேரம் அந்தப் பள்ளத்தைச் சுற்றிச் சுற்றிச் சுரண்டினேன். சுரண்டும்போது வெறும் அலுமினியம் வந்ததும் கையில் சத்தம் மாறும், கரகரப்பு நின்று வழுக்கும். அதுவரை விடக்கூடாது. புது சீல் போட்டாலும் இந்தப் பள்ளத்தைச் சுத்தம் செய்யாமல் போட்டால் ஆறே மாதத்தில் பழைய கதைதான். கழுவுவதற்குப் பிரேக் ஆயிலையே வைத்துக்கொண்டேன். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் சீல் பக்கம் வரக்கூடாது, ரப்பர் ஊதிவிடும்.

ஆயில் எப்படி இருந்தது தெரியுமா? புதிதாக இளமஞ்சளாக இருக்க வேண்டியது டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. டாட் 3, டாட் 4 இரண்டுமே காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தரத்துக்குப் புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது, ஈரம் ஏறியபிறகு அந்த வரம்பு 155 ஆகிவிடும். டாட் 3 என்றால் 205-உம் 140-உம். விடாமல் உரசுகிற பேட், பஸ்ஸுக்குப் பின்னால் தொட்டுத் தொட்டு வந்த பிரேக், ஈரம் ஏறின பழைய ஆயில். மூன்றும் சேர்ந்து காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் வந்துவிட்டது. திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும், லீவர் கைப்பிடிக்கு வந்தது அதனால்தான். ஆறியதும் குமிழ் மறுபடி திரவமாகி லீவர் திரும்பி வந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டிய ஆயில், நான் எப்போது மாற்றினேன் என்று நினைவே இல்லை. அந்த இடத்தில் தப்பு முழுக்க என்னுடையது.

ஹோஸையும் மாற்றினேன். பழைய ரப்பர் ஹோஸை வளைத்துப் பார்த்தால் மேலே மயிரிழை வெடிப்புகள். ஸ்டீல் பின்னல் ஹோஸ் அளவுக்குச் செய்து தருகிறார்கள். அளவெடுக்கும்போது முன் சக்கரம் அந்தரத்தில் தொங்க வேண்டும், ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். நான் ஒரு கயிற்றை ஹோஸ் போகிற வழியிலேயே கட்டி, எது அதிகபட்ச நீளமோ அதைக் கொடுத்தேன். ஹோஸ் முனையை மாட்டுகிற பான்ஜோ போல்ட்டுக்குச் செம்பு வாஷர் புதிதுதான் போட வேண்டும், பழசு ஏற்கெனவே நசுங்கினது. காற்று எடுக்கும்போது முக்கால் பங்கு சீக்கிரம் வந்துவிட்டது, கடைசிக் கொஞ்சம் மட்டும் லீவரில் பஞ்சு மாதிரி நின்றது. அது மாஸ்டர் சிலிண்டர் பக்கத்து பான்ஜோவில் மாட்டிக்கொள்கிற குமிழ், ஹேண்டிலை இடது பக்கம் திருப்பி அந்த இடம் மேடாக இருக்கும்படி வைத்து, லீவரை ரப்பர் பேண்டால் இழுத்துக் கட்டி ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் லீவர் கல் மாதிரி இருந்தது. பிரேக் ஆயில் வண்டிப் பெயிண்ட்டில் பட்டால் உரித்துவிடும், டேங்க் மேல் ஈரத்துணி போட்டு மூடிவிட்டு வேலை செய்யுங்கள்.

டிஸ்க்கில் குறைந்தபட்ச கனம் எவ்வளவு என்று தட்டிலேயே பொறித்திருப்பார்கள். வெர்னியர் வைத்துப் பார்த்தேன், அதற்கு மேல் இன்னும் அரை மில்லி இருந்தது. தட்டை மாற்றவில்லை.

பின் டிரம் வேலை சின்னது. பிரேக் ஷூ கண்ணாடி போல மினுங்கியது, புதுசு போட்டேன். அந்தப் பொடியை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். கேம் ஷாஃப்டைக் கழற்றித் துரு எடுத்துத் துளி கிரீஸ். கடைசியாக ராடு மாட்டும்போது, மிதித்த நிலையில் ஆர்முக்கும் ராடுக்கும் நடுவில் கிட்டத்தட்ட செங்கோணம் வருகிற பல்லில் ஆர்மை மாட்டினேன். முன்பு அது ரொம்பச் சாய்ந்திருந்தது, மிதிக்கிற பலத்தில் பாதி வீணாகியிருக்கும்.

அடுத்த ஞாயிறு கோன்செட். ஃபோர்க்கைப் பிடிக்கிற மேல் தட்டைக் கழற்றி ஃபோர்க்கை இறக்கியதும் கீழ்க் கோப்பையில் பால்ஸ் உட்கார்ந்த இடத்தில் வரிசையாகக் குழிகள். வண்டி நேராகப் போகும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் அதே இடத்தில்தான் அடி விழும், அதனால் குழி எப்போதும் நடுவில்தான் வரும். வண்டி நடு நிலையை விட்டு நகரத் தயங்கும், கொஞ்சம் பலம் கொடுத்தால் திடீரென்று கூடுதலாகத் திரும்பிவிடும், நாமும் வளைவில் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே போவோம். நான் இத்தனை வருஷம் இதை டயர் கோளாறு என்று நினைத்திருந்தேன். பழைய கோப்பையை உள்ளிருந்து நீள ராடு வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி எடுத்தேன். புதுசை ஏற்றும்போது சுத்தியல் வேண்டாம், நீளமான திரெட் ராடும் இரண்டு கனமான வாஷரும் வைத்து நட்டை இறுக்கினால் கோணாமல் தானாக உட்காரும். இறுக்கத்தைப் பொறுத்தவரை, ஆட்டம் இருக்கக்கூடாது, ஆனால் ஹேண்டிலைத் தொட்டுவிட்டால் தன் கனத்திலேயே பக்கத்துக்குச் சாய வேண்டும். 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பார்த்தேன், அரைக்கால் திருப்பு இறுக்க வேண்டியிருந்தது.

ஃபோர்க் கையில் இருக்கும்போதே அதையும் பிரித்தேன். ஆயில் என்று வந்தது தார் கலந்த குழம்பு, மீன் கழுவின தண்ணீர் வாடை. யாரோ இன்ஜின் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள், நம் ஊரில் இது சகஜம். இன்ஜின் ஆயில் ஃபோர்க்குக்கென்று செய்ததல்ல, குளிரில் ஒரு மாதிரி, சூட்டில் ஒரு மாதிரி நடந்துகொள்ளும். ஃபோர்க்கின் தூணை லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறைகளுக்கு நடுவில் இருக்கிற லேத், அங்கே இருக்கிற அண்ணன் இரண்டு தூணையும் சென்டரில் வைத்துச் சுற்றி, கோணல் இருந்தால் முள்ளில் காட்டுகிற டயல் கேஜ் வைத்தார். ஒன்று சுத்தமாக நேர். இன்னொன்றில் முள் லேசாக ஆடியது. "இது பரவால்ல தம்பி, இதுக்கு மேல நிமித்துனா ஹார்டு குரோம் வெடிக்கும், விட்ருங்க" என்றார். விட்டுவிட்டேன். ஆயில் சீல், டஸ்ட் சீல் புதுசு, 10 டபிள்யூ ஃபோர்க் ஆயில். அளவை மில்லி கணக்கில் மட்டும் நம்பாமல், ஸ்பிரிங் இல்லாமல் தூணை முழுசாக அமுக்கி, மேலிருந்து ஆயில் மட்டம் வரை ஸ்கேல் விட்டு இரண்டிலும் ஒரே மாதிரி வருகிறதா என்று பார்த்தேன். ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைவு என்றால் பிரேக்கில் வண்டி ஒரு பக்கம் முறுக்கும்.

மாட்டியபிறகு தூணில் ஒரு கேபிள் டை கட்டிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன், முன்பக்கம் 42 மில்லி இறங்கியது. என் கனத்துக்கு இது அதிகம். பிரேக் பிடிக்கும் முன்பே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கிவிட்டால் மீதி ஓட்டம் எங்கே இருக்கும்? லேத் அண்ணனிடம் 10 மில்லி அலுமினிய ஸ்பேசர் இரண்டு கடைந்து வாங்கி ஸ்பிரிங் மேல் வைத்தேன், 33-க்கு வந்தது. எல்லாவற்றிலும் குறைந்த செலவில் பெரிய வித்தியாசம் கொடுத்தது இந்த இரண்டு துண்டுதான். அச்சை மாட்டும்போது ஒரு விஷயம்: அச்சு நட்டை முதலில் இறுக்கி, கீழ்த் தட்டு போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, முன்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கி எழுப்பிவிட்டு, அப்புறம்தான் கீழிருந்து மேலாக இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு காலும் ஒன்றுக்கொன்று முறுக்கிக்கொண்டே நிற்கும், ஃபோர்க் பாதி வேலைதான் செய்யும்.

ஸ்விங்ஆர்ம் புஷ்ஷில் ரப்பர் காய்ந்து இரும்பை விட்டுப் பிரிந்திருந்தது. ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்துப் பழசை எடுத்துப் புதுசு ஏற்றினார்கள். இந்த வகை புஷ்ஷுக்குப் பிவட் போல்ட்டை வண்டி தரையில் நின்று சக்கரம் கனம் தாங்கும்போது இறுக்க வேண்டும், தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். பின் ஷாக் இரண்டிலும் ஆயில் கசிவு, அதே மாதிரி புதுசு வாங்கி ஐந்து படியில் மூன்றாவதில் வைத்தேன். டிரம் ரப்பரையும் மாற்றினேன். செயின் இறுக்கும்போது ஸ்விங்ஆர்மில் இருக்கிற கோடுகளை நம்பாமல், பின் டயரின் இரண்டு பக்கமும் நூல் கட்டி முன் டயர் வரை இழுத்துப் பார்த்தேன். கோடுகள் சரியாக இருப்பதாகத்தான் காட்டின, ஆனால் சக்கரம் ஏறக்குறைய 3 மில்லி கோணியிருந்தது.

டயர் விஷயத்தில் மட்டும் ஒரே ஒரு சின்ன மாற்றம். முன்னால் 2.75-க்குப் பதில் 80/100-18, பிற்பாடு வந்த கரிஸ்மா இசட்எம்ஆர் மாடலில் கம்பெனியே கொடுத்த அளவு அது. பின்னால் அதே 100/90. அகல டயர் போட்டால் பிடிப்பு கூடும் என்று எல்லோரும் சொல்வார்கள், மெலிந்த ரிம்மில் அகல டயரை ஏற்றினால் அது மேலே உப்பிக்கொண்டு வளைவில் விளிம்பு சரியாக உட்காராது. புது ரப்பர் போதும். காற்றுக் கடையில் கேட்காமலே 35 அடித்து வைப்பார்கள், இப்போது சொந்தமாக கேஜ் வைத்து, வண்டியில் ஒட்டியிருக்கும் அளவைத்தான் வைக்கிறேன்.

புது பேடைப் பழக்க, ஆளில்லாத ரோட்டில் 60-லிருந்து 20 வரை இருபது தடவை, முழுசாக நிற்காமல், நடுவில் ஆறவிட்டு ஆறவிட்டு. பத்தாவது தடவைக்கு மேல்தான் உண்மையான கடி வர ஆரம்பித்தது. அதுவரை பயந்துவிடாதீர்கள்.

டயர், ஹோஸ், ஷாக் எல்லாம் சேர்த்து பதினாலாயிரத்துச் சொச்சம் ஆயிற்று, லேத் கூலி உட்பட. மூன்று ஞாயிறு.

நாலாவது ஞாயிறு கொல்லிமலை. வேண்டுமென்றே மச்சானையே பின்னால் ஏற்றிக்கொண்டேன். ஏறும்போதே தெரிந்துவிட்டது, வளைவுக்குள் ஹேண்டில் தானாகத் திரும்புகிறது, நான் திருத்தவே இல்லை, பார்வை போன இடத்துக்கு வண்டி போனது. இறங்கும்போது ஒவ்வொரு பலகையாக எண்ணிக்கொண்டே வந்தேன். 24 வந்தது. நேர் ரோட்டிலேயே பிடித்தேன், இரண்டு விரல்தான், முன்பக்கம் கொஞ்சம் இறங்கி அங்கேயே நின்றது, லீவர் அசையவில்லை. மச்சான் என் தோளில் ஒரு தட்டு தட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. காரவள்ளியில் டீக்கடைக்கு முன்னால் நிறுத்தி முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டேன், ஏழு சுற்று சுற்றியது.

ஒன்று மட்டும் பாக்கி. 80-க்கு மேல் லேசாகப் பிடித்தால் லீவரில் ஒரு துடிப்பு தெரிகிறது, டிஸ்க் கொஞ்சம் கோணியிருக்கிறது போல. டயல் கேஜை லேத் அண்ணனிடம் இரவல் கேட்டிருக்கிறேன், வியாழக்கிழமை தருகிறேன் என்றார்.